மிக முந்திய திகதி

அத்தியாயம் 19

காலை ஒன்பதரை மணிக்குக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்த பேர்ணடெற், செருப்பைக் கழற்றவும் மறந்துபோனாள்.

"மாமி, கேதீஸ் எங்க?"

"பொலிசுக்குப் போட்டான். கொழும்பில தங்கிற பதிவு புதுப்பிக்க வேணுமாம். வீட்டுக்கார ஹமீட்டும் கூடப் போயிருக்கிறார்." ஜெகதீஸ்வரி அவளுடைய காலைப் பார்த்தாள். "ஏன் உனக்கு இப்பிடி மூச்சு வாங்குது?"

பேர்ணடெற் மடிக்கணினியை மேசையில் வைத்தாள். திறக்கவில்லை.

"இருபத்தெட்டாந் திகதி போட்டுது, மாமி."

"எங்க போட்டுது?"

"கையில இல்லை. எங்கட கம்பியூட்டர் நிரல் அதை விட்டிட்டுது."

ஜெகதீஸ்வரி கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த இருபத்தெட்டாம் திகதியில்தான் அவள் இரண்டு மாதமாக உயிர் வைத்திருந்தாள். ஓகஸ்டில் தமிழரைத் தேடி நடந்த சுற்றிவளைப்பில் பிடிபட்ட மகன் கேதீஸ்வரன் இரண்டு இரவு உள்ளே இருந்துவிட்டு வந்தான். என்ன நடந்தது என்று இன்றுவரை வாய் திறக்கவில்லை. வெளிநாட்டிலிருக்கும் மூத்தவள் வதனி உடனே ஸ்பொன்சர் கடிதம் அனுப்பினாள். அப்பா இரத்தினசிங்கம், அம்மா, தம்பி என்று மூன்று பெயர். கடிதம் ஒக்டோபர் 31 வரைதான் செல்லும். தூதரக நேர்காணல் தீபாவளிக்கு மறுநாள், இருபத்தெட்டாம் திகதி, மூவருக்கும் ஒன்றாகக் கிடைத்திருந்தது.

அதுவரையும் பொறுக்க முடியாமல்தான் ஜெகதீஸ்வரி பேர்ணடெற்றைக் கூப்பிட்டாள். கூப்பிட்டதே பெரிய விஷயம். கணவரின் தங்கை சரோஜினிதேவி கொட்டாஞ்சேனையில் ஒரு கத்தோலிக்கரைக் கட்டிக்கொண்ட நாள் முதல் இருபத்தேழு வருடமாக இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து இல்லை. அந்தச் சரோஜினியின் மகள்தான் இந்தப் பேர்ணடெற். கம்பியூட்டர் கொம்பனியில் வேலை.

அவள் பல்கலைக்கழகத்தில் படித்தபோது செய்த நிரல் ஒன்று இருந்தது. தூதரகத்தின் இணையப் பக்கத்தை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அது தானே போய்ப் பார்க்கும். யாராவது கைவிட்ட நேரம் தென்பட்டால் தானே பிடித்துக்கொள்ளும். இப்படி ஆளில்லாமல் முடிவெடுக்கும் நிரலுக்குப் படிப்பில் ஏஜென்ற் என்று பெயர் என்று அவள் சொன்னபோது, "ஏஜென்றோ? வெளிநாடு அனுப்புறமெண்டு சல்லியை வாங்கிக்கொண்டு மொஸ்கோவில விட்டிட்டு ஓடுற கூட்டமோ?" என்று ஜெகதீஸ்வரி கேட்டிருந்தாள்.

இப்போது அந்தப் பகிடி அவளுக்கு நினைவு வரவில்லை.

"விட்டிட்டு என்ன எடுத்தது?"

"நாளைக்குக் காலமை எட்டரை மணி. ஒரு ஆளுக்கு மட்டும்."

"ஆருக்கு?"

"கோப்பில முதல் பேருக்கு. மாமாவுக்கு."

யன்னலோரம் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த இரத்தினசிங்கம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். முப்பத்தொரு வருடம் தபாலதிபராக இருந்தவர். வெளிநாடு போவது பற்றி இந்த வீட்டில் நடந்த எந்தக் கதையிலும் அவர் ஒரு சொல் சொன்னதில்லை. காட்டிய இடத்தில் கையெழுத்து மட்டும் வைத்தார்.

"எனக்கோ? நான் தனியப் போய் என்ன செய்யிறது?"

"நீங்கள் போனா அந்த ஸ்பொன்சர் கடிதம் உங்களோட முடிஞ்சிடும், மாமா. நேர்காணலுக்குப் போற ஆளுக்குத்தான் அது செல்லும். மற்ற ரெண்டு பேரும் புதுசாத் தொடங்கோணும்."

"எவ்வளவு காலம் எடுக்கும்?"

"ஒரு வருஷம். கூடவும் எடுக்கலாம்."

ஜெகதீஸ்வரியின் குரல் தணிந்தது. தணிந்தால்தான் அவளுக்குக் கோபம்.

"விளங்குது. இப்ப எல்லாம் விளங்குது. போன கிழமை தண்டவாளத்தடியில கடலைப் பார்த்துக்கொண்டு நீயும் அவனும் ஒரு மணித்தியாலம் கதைச்சனீங்கள். மேல்வீட்டு இரத்தினம்மா கண்டவ. உனக்கு அவன் போகக்கூடாது. அதுக்குத்தான் கிழவனுக்கு ஒரு இடத்தைப் பிடிச்சுக் குடுத்திட்டு வந்து நிக்கிறாய்."

பேர்ணடெற்றின் முகம் வெளுத்தது.

"மாமி, நான் கொட்டாஞ்சேனையிலயிருந்து மூண்டு செக்பொயின்ற் தாண்டி வந்தனான். சதி செய்யிற ஆள் வந்து சொல்லுவாளோ?"

"சொல்லாட்டி நாளைக்குத் தெரியும்தானே!"

"இஞ்சேர், நிப்பாட்டு." இரத்தினசிங்கம் எழுந்து அறைக்குள் போனார். ஒரு தாளோடு திரும்பி வந்தார். அதை மனைவியிடம் கொடுக்காமல் மேசையில் விரித்து வைத்தார்.

பேர்ணடெற் ஞாயிற்றுக்கிழமை தட்டச்சு செய்து கொண்டுவந்த தாள் அது. நிரல் என்ன செய்ய வேண்டும் என்று எட்டு வரி. மூவருக்கும் ஒன்றாக. கொழும்பில். இருபத்தெட்டுக்கு முன்னால். மூன்று இடமும் உறுதியாகும்வரை கையில் உள்ளதை விடக்கூடாது. இப்படி எட்டு வரி. அவற்றில் ஏழு வரிகளின் குறுக்கே சிவப்புப் பேனா ஓடியிருந்தது. மீந்தது ஒன்று: மிக முந்திய திகதியை எடுக்கவும்.

"நான்தான் வெட்டினனான்" என்றார்.

"ஏன்?"

"சரிபார்த்துத் தாங்கோ எண்டு பிள்ளை தந்தாள். பார்த்தன். சொன்னதையே சொல்லி நீட்டியிருந்தது. தந்தி எழுத வாற சனத்துக்கு நான் அப்பிடித்தான் வெட்டிக் குடுக்கிறனான். 'அம்மா கடுமை, உடன் வரவும்.' நாலு சொல். எந்த அம்மா, எங்க வாறது எண்டு ஒருத்தனும் திருப்பிக் கேட்டதில்லை. எல்லாரும் வந்து சேர்ந்தவங்கள்."

"வாசிக்கிறவருக்கு அந்த அம்மாவைத் தெரியும், மாமா" என்றாள் பேர்ணடெற். "இதுக்கு எங்களைத் தெரியாது. கேதீஸ் ஆர், ஏன் அவசரம் எண்டு ஒண்டும் தெரியாது. முந்திய திகதி எண்டு சொன்னம். நாளைக்குப் பதினைஞ்சு, அது இருபத்தெட்டுக்கு முந்தினது. எடுத்துது."

"அப்ப நீ ஏன் அதை அப்பிடியே போட்டனீ? படிச்சவள் நீதானே!" ஜெகதீஸ்வரி விடவில்லை.

பேர்ணடெற் தாளிலிருந்த சிவப்புக் கோடுகளை விரலால் தடவினாள்.

"பிழை என்ரதான், மாமி. வெட்டினதைக் கண்டவுடன எனக்கு ஒரு மாதிரித்தான் இருந்தது. ஆனா மாமா முதல் தரம் என்ர வேலையொண்டைக் கையில எடுத்துத் திருத்தித் தந்தவர். அம்மாட்டக் கொண்டுபோய்க் காட்டினனான், அண்ணையின்ர எழுத்து எண்டு அவ அழுதவ. அதை மாத்த எனக்கு மனம் வரேல்லை."

ஜெகதீஸ்வரி தாளைக் கவிழ்த்து வைத்தாள். சண்டை பிடிப்பதற்கு ஆள் இல்லாமல் போய்விட்டது.

"இப்ப என்ன செய்யலாம்?"

"ஆறு மணிவரைக்கும் நாளைய இடத்தை மாத்தலாம். அதுக்குப் பிறகு ஏலாது. நிரலைத் திருப்பி விடலாம். ஆனா இந்த முறை நீங்கள் ரெண்டு பேரும் சொல்லோணும். நான் எழுதுவன். ஒருத்தரும் வெட்டக்கூடாது."

பத்தரை மணிக்குக் கேதீஸ்வரனுக்கு அழைத்தார்கள். தொலைபேசி நிறுத்தப்பட்டிருந்தது. உள்ளே போகும்போது வாசலில் வாங்கி வைத்துவிடுவார்கள் என்று ஹமீட் முன்பே சொல்லியிருந்தார். பதினொன்றரைக்கும் அதே. ஹமீட்டின் தொலைபேசியும் அப்படியே.

பன்னிரண்டரைக்கு ஜெகதீஸ்வரி சோற்றைப் போட்டு வைத்தாள். ஒருவரும் சாப்பிடவில்லை.

"சொல்லுங்கோ, மாமி. என்ன வேணும்?" பேர்ணடெற் வெள்ளைத் தாளை எடுத்தாள்.

"என்ர பிள்ளை தப்போணும்."

"அது எனக்கு விளங்குது. அதுக்கு விளங்காது. ஆர், எங்க, எப்ப?"

"இதென்ன விசர்க் கதை! தாய் ஒருத்தி வேற எப்பிடிச் சொல்லுறது?"

"மூண்டு பேருமோ, ஒரு ஆளோ?"

"மூண்டு பேரும்."

"ஒண்டாவோ, வேற வேற நாளிலயோ?"

"ஒண்டா."

"கொழும்பிலயோ? சில நேரம் சென்னையிலயும் இடம் காட்டும்."

"சென்னைக்கு விசாவுக்கு எங்க போறது? கொழும்பில."

"முப்பத்தோராந் திகதிக்கு முன்னம். சரி." பேனா நின்றது. "மூண்டு பேருக்கும் கிடைக்காட்டி?"

வெளியே காலி நகருக்குப் போகும் பெருவீதியில் பஸ் ஒன்று வெள்ளவத்தை, வெள்ளவத்தை என்று கூவிக்கொண்டு போனது.

"அதை எழுதாத" என்றார் இரத்தினசிங்கம்.

"எழுதாட்டி அது தானே முடிவெடுக்கும், மாமா. நேற்று எடுத்த மாதிரி."

"ரெண்டு இடம் வந்தா ஆரை விடுறது எண்டு பெத்த தகப்பனைக் கேக்கிறியே, பிள்ளை."

"நான் கேக்கேல்லை. தாளில ஒரு வரி வெறுமையா இருக்கு. அதைத்தான் சொல்லுறன்."

ஜெகதீஸ்வரி சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"அப்பிடி வந்தா எங்களைக் கேள் எண்டு எழுது. தன்ர பாட்டில ஒண்டும் செய்யக்கூடாது. கேக்கட்டும்."

"எவ்வளவு நேரம் காத்திருக்கிறது? கண்ட இடத்தைத் தூதரகப் பக்கம் பத்து நிமிஷம்தான் பிடிச்சு வைக்கும்."

"பத்து நிமிஷம் காணும்."

"பத்து நிமிஷத்துக்குள்ள பதில் வராட்டி?"

"கையில இருக்கிறதை விடாம இருக்கட்டும்" என்றார் இரத்தினசிங்கம். "எனக்கெண்டு கிடைச்சதெண்டாலும் இருக்கட்டும். ஒண்டுமில்லாமப் போகக்கூடாது."

பேர்ணடெற் எல்லாவற்றையும் எழுதி உரத்து வாசித்தாள். ஒன்பது வரி வந்தது. தபாலதிபர் ஒன்றும் வெட்டவில்லை. பேனாவையே கையில் எடுக்கவில்லை.

ஒன்று ஐம்பதுக்கு நிரல் மறுபடி ஓடத் தொடங்கியது.

மூன்று மணி. ஒன்றும் இல்லை. கேதீஸ்வரனும் இல்லை.

மூன்றரைக்கு இரத்தினசிங்கம் சேர்ட்டை மாட்டினார். "நான் போய்ப் பார்த்திட்டு வாறன்."

"நீங்கள் போய் அங்க என்ன சிங்களத்தில கதைக்கப் போறியள்? உங்களையும் இருத்தி வைப்பாங்கள். இருங்கோ பேசாம!"

அவர் சேர்ட்டைக் கழற்றவில்லை. அதோடேயே கதிரையில் இருந்தார்.

நாலே காலுக்கு ஹமீட்டின் மனைவி ருக்கியா கீழ்வீட்டிலிருந்து ஏறி வந்தாள். "அவரு வெளிய வந்து ஒரு கோல் எடுத்தாரு. பொலிசுப் பெரியவர் இன்னம் வரல்லயாம். பைலு அவர்ட மேசையிலயாம். ரெண்டு பேரும் வாங்குல குந்திட்டு ஈக்காங்களாம். பயப்பட வாணாம் தங்கச்சி, அடி கிடி ஒண்டுமில்ல."

அடி என்ற சொல் மட்டும் ஜெகதீஸ்வரியின் காதில் தங்கியது.

ஐந்து இருபத்தைந்துக்கு மடிக்கணினி கத்தியது.

மூவரும் ஒன்றாகக் குனிந்தார்கள். 24 ஒக்டோபர், வெள்ளிக்கிழமை, காலை ஒன்பது மணி, கொழும்பு. இரண்டு இடம். கையில் உள்ளதை விட வேண்டும். எடுக்கவா? கீழே ஓம், இல்லை. அதற்கும் கீழே பெயர் எழுத இரண்டு கட்டம். மூலையில் பத்து நிமிடம் இறங்கத் தொடங்கியது.

"கேட்டிட்டுது" என்றாள் பேர்ணடெற் மெல்ல.

"எடு!" என்றாள் ஜெகதீஸ்வரி. "எடு பிள்ளை! கேதீஸின்ர பேரைப் போடு. மற்றதுக்கு அவரை."

"என்னையோ? உன்ர பேரைப் போடச் சொல்லு."

"உங்களுக்குச் சீனி வருத்தம். காலமைக் குளுசை எது, பின்னேரக் குளுசை எது எண்டு தெரியாத ஆள். தனிய விட்டா ஒரு மாதத்தில முடிஞ்சுது."

"நான் அங்க போய்ப் பனிக்குள்ள என்ன செய்யிறது? வதனிக்குத் தாய்தான் வேணும்."

"என்னை ஒரு செக்பொயின்றிலயும் மறிக்கமாட்டாங்கள். நான் இஞ்ச சமாளிப்பன்."

"அறுபத்தாறு வயசில என்னை மட்டும் மறிக்கிறாங்களோ?"

"ஏழு நிமிஷம்" என்றாள் பேர்ணடெற்.

"இவ்வளவு நாளும் வாயே திறக்காத மனுஷன், இண்டைக்குத்தான் கதைக்க நாள் பார்த்தவர்!"

"நீ கேட்டனியே, கதைக்க? இருபத்தெட்டாந் திகதி எண்டாய், கையெழுத்து வைச்சன். முந்தி எண்டாய், அதுக்கும் ஓம் எண்டன். எனக்குப் போக விருப்பமோ எண்டு ஒரு நாள் கேட்டனியே?"

ஜெகதீஸ்வரி அப்படியே நின்றாள்.

"விருப்பமில்லையோ?"

"இல்லை."

"ஆறு நிமிஷம், மாமி. பதில் இல்லாட்டி அது நாளையதை வைச்சுக்கொள்ளும். நாளைக்கு மாமா மட்டும்தான்."

ஜெகதீஸ்வரி அவள் பக்கம் திரும்பினாள். காலையில் கத்திய முகம் இல்லை அது.

"நீ சொல்லு. காலமை உன்னைப் பேசினனான். அவன் போறது உனக்கு எப்பிடி இருக்குமெண்டு எனக்குத் தெரியும். நானும் ஒரு பொம்பிளைதானே. உனக்கு என்ன வேணும்?"

பேர்ணடெற்றின் விரல்கள் விசைகளின்மேல் இருந்தன. கண் நிறைந்திருந்தது.

"கேதீஸ் போகோணும், மாமி. அதில எனக்கு ரெண்டு மனமில்லை. மற்றப் பேர் நான் சொல்லுற விஷயமில்லை."

முதல் கட்டத்தில் கேதீஸ்வரனின் பெயரை அவளே அடித்தாள்.

இரத்தினசிங்கம் கணினியைத் தன் பக்கம் இழுத்தார். ஒற்றை விரலால் மனைவியின் பெயரை ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தார். ஒரு இடத்தில் பிழைத்தது. அழித்துத் திரும்ப அடித்தார். ஜெகதீஸ்வரி தடுக்கவில்லை. அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மூன்று நிமிடம் இருக்கும்போது அவர் ஓம் என்பதை அழுத்தினார்.

பச்சைக் கோடு ஓடி முடிந்தது. உறுதி. இரண்டு பெயர். அவருடைய பெயர் திரையில் எங்கும் இல்லை.

"நல்லது" என்றார். யன்னலோரக் கதிரைக்குத் திரும்பிப் போனார். மடித்துவைத்த பேப்பரை எடுத்தார், விரிக்கவில்லை.

ஐந்து நாற்பத்தைந்துக்குப் படியில் காலடி கேட்டது. முதலில் ஹமீட், பின்னால் கேதீஸ்வரன்.

"மூணு மாசத்துக்குப் பதிவு தந்திட்டாங்க, மாஸ்டர்" என்றார் ஹமீட். "ஒண்டும் கேக்கல்ல. சும்மா இருக்க வெச்சி கொன்னிட்டாங்க. நான் தொழப் போறன்." அவர் இறங்கிப் போனார்.

ஜெகதீஸ்வரி மகனின் முகம், கழுத்து, கை என்று தடவிப் பார்த்தாள். அவன் பொறுமையாக நின்றான்.

"ஒண்டுமில்லை, அம்மா. பசிக்குது, அவ்வளவுதான்."

"கிடைச்சிட்டுது, அப்பன். அடுத்த கிழமை வெள்ளி. எனக்கும் உனக்கும்."

"அப்பாவுக்கு?"

இரத்தினசிங்கம் இப்போதுதான் பேப்பரை விரித்தார். அவன் ஒவ்வொருவராகப் பார்த்தான். மேசையிலிருந்த தாளை எடுத்து ஒன்பது வரியையும் வாசித்தான். திரையைப் பார்த்தான்.

"பேர்ணடெற், இது நீ எழுதினதோ?"

"ஓம்."

"எங்களைக் கேள் எண்டு இருக்கு. என்னைக் கேட்டுதோ?"

அவள் தாளை வாங்கிப் பார்த்தாள். ஐந்தாவது வரியில் அவளுடைய கண் நின்றது.

"இல்லை. 'எங்களை' எண்டா இந்த மேசையில இருக்கிற ஆக்கள் எண்டு நான்தான் வைச்சனான். உன்ர நம்பரைக் குடுக்கேல்லை."

"போன் பூட்டிக் கிடந்தது, தம்பி. கேக்க எங்க நேரம்?" என்றாள் தாய்.

"இண்டைக்கு நேரமில்லை, அம்மா. ரெண்டு மாதம் இருந்தது." அவன் குரலை உயர்த்தவில்லை. "அப்பாவை இந்த வீட்டில தனிய விட்டிட்டு நான் பிளேனில ஏறுவன் எண்டு ஆர் சொன்னது? அடுத்த சுற்றிவளைப்புக்கு ஆர் இறங்கி வந்து கதவைத் திறக்கிறது? அவரோ?"

"எனக்காண்டி நீ நிக்க வேண்டாம்" என்றார் இரத்தினசிங்கம், கதிரையில் இருந்தபடியே.

"உங்களைக் கேக்கேல்லை, அப்பா." அவன் பேர்ணடெற்றின் பக்கத்துக் கதிரையை இழுத்து இருந்தான். "இதை இப்ப விடலாமோ?"

அவள் பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"இண்டைக்கு எடுத்ததை இண்டைக்கு ஆறு மணிக்குள்ளதான் விடலாம். விட்டா மூண்டு பேருக்கும் ஒண்டா வருமோ எண்டு திருப்பித் தேடும். வராமலும் போகலாம். வராட்டி முப்பத்தோராந் திகதியோட எல்லாருக்கும் முடிஞ்சுது. மாமாவின்ர நாளைய இடமும் இனி இல்லை."

"எப்பிடி விடுறது?"

"கேதீஸ்."

"எப்பிடி எண்டு சொல்லு."

"திரும்ப ஒருக்கா யோசி. எட்டு நிமிஷம் இருக்கு."

அவன் கையை நீட்டினான்.

அதற்கு முன் ஜெகதீஸ்வரியின் உள்ளங்கை விசைப்பலகையின்மேல் வந்து விழுந்தது. முழுப் பாரத்தையும் அதில் ஊன்றி நின்றாள். அவளுடைய கையின் கீழே விசைகள் அமுங்க, திரையில் ஒரே எழுத்து வரிவரியாக ஓடத் தொடங்கியது.

"அம்மா, கையை எடுங்கோ."

அவள் எடுக்கவில்லை.